மொழி வகுப்பில் யார் பேசுகிறார்கள்? – வாசகர் கேள்வி பதில்

ஆங்கிலமோ தமிழோ, மொழி வகுப்பில் ஆசிரியர் கேட்பதும் பிள்ளை சொல்வதும் எப்படி நடக்கிறது என்பதுபற்றி வந்த கேள்விகளில் ஏழு இங்கே. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாடம் முடிந்ததும் ‘அண்டர்ஸ்டாண்ட்?’ என்று கேட்டால் வகுப்பே ‘எஸ் மிஸ்’ என்கிறது. தனியாக ஒருவரை எழுப்பிக் கேட்டால் தரையைப் பார்க்கிறார்கள். தவறு எங்கே?
– அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்விக்குப் பிள்ளைகளிடம் ஒரே பதில்தான் உண்டு. இல்லை என்று சொன்னால் எழுந்து நிற்க வேண்டும், எது புரியவில்லை என்றும் சொல்ல வேண்டும். எது புரியவில்லை என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு ஏற்கெனவே பாதி புரிந்துவிட்டது. மற்றவர்களுக்கு அதைச் சொல்லவும் வழியில்லை. ஆகவே வம்பில்லாத பதிலைக் கோரஸாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடுங்கள்.

அதற்குப் பதிலாக, புரிந்திருந்தால் மட்டுமே விடை சொல்ல முடிகிற சின்னக் கேள்விகளைக் கேளுங்கள். கரும்பலகையில் ‘மை கிராண்ட்ஃபாதர் யூஸ்டு டு ரைடு எ சைக்கிள்’ என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: தாத்தா இப்போ சைக்கிள் ஓட்டுறாரா? ஒரே ஒரு நாள் ஓட்டினாரா, பல நாளா? ‘நேத்து ஒரு தடவை ஓட்டினார்’னு சொல்ல இந்த வாக்கியம் சரிப்படுமா? மூன்றுக்கும் ஓரிரு சொல்லில் பதில் வந்துவிடும். ‘யூஸ்டு டு’ பிடிபடாத பிள்ளை மூன்றாவது கேள்வியில் கட்டாயம் தடுமாறும். கோரஸைத் தவிர்க்க, எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, ஆம் என்றால் விரித்த கை, இல்லை என்றால் மூடிய கை என்று காட்டச் சொல்லுங்கள். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காட்ட முடியாது. யாருக்குப் புரியவில்லை என்பது 5 விநாடியில் உங்கள் கண்முன் நிற்கும்.

தனியாகக் கேட்கும்போது பிள்ளை தரையைப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் காரணம் நேரம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருந்தது ஏறக்குறைய 1 விநாடி. அதற்குள் பதில் வராவிட்டால் கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள், அல்லது வேறு பிள்ளையிடம் போனார்கள். காத்திருப்பை 3 விநாடிக்கு மேல் நீட்டியபோது பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, கேட்காமலேயே பேசுகிற பிள்ளைகள் கூடினார்கள். அங்கே பிள்ளைகள் பேசியது அவர்களுக்குப் பழகிய மொழி. உங்கள் வகுப்பிலோ பிள்ளை கேள்வியைத் தமிழில் புரிந்து, விடையைத் தமிழில் யோசித்து, ஆங்கிலச் சொல்லைத் தேடி, வரிசைப்படுத்தி, பிறகு வாயைத் திறக்க வேண்டும். 3 விநாடியே அதற்குக் குறைவு. 5 விநாடி கொடுங்கள். மனத்துக்குள் ‘ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு’ என்று ‘ஆயிரத்து ஐந்து’ வரை எண்ணினால் கணக்கு சரியாக வரும். முதல் வாரம் அந்த மௌனம் உங்களைத்தான் நெளிய வைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு பழக்கங்கள். முதலில் கேள்வி, பிறகு இடைவெளி, கடைசியில் பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்ற எல்லாரும் ‘நமக்கில்லை’ என்று யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். அடுத்து, உட்கார்ந்தபடியே பதில் சொல்ல விடுங்கள். எழுந்து நிற்பது மரியாதைதான். ஆனால் அரைகுறை வாக்கியத்தோடு நாற்பது பேர் முன்னால் தனியாக நிற்பது பெரியவர்களுக்கே கஷ்டம்.

கேள்வி: மாணவன் தப்பாகச் சொன்னால் உடனே சரியான வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘எஸ் சார்’ என்கிறான். மறுநாள் அதே தப்பு. திருத்துவதால் பயன் உண்டா, இல்லையா?
– ஆங்கில ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி, சிவகங்கை மாவட்டம்

பதில்: பயன் உண்டு. ஆனால் நீங்கள் திருத்தியது அவன் காதில் திருத்தமாக விழவில்லை. இந்த உரையாடலைப் பாருங்கள்:

மாணவன்: யெஸ்டர்டே ஐ கோ டு மை அங்கிள் ஹவுஸ்.
ஆசிரியர்: ஓ, யு வென்ட் டு யுவர் அங்கிள்ஸ் ஹவுஸ்!
மாணவன்: எஸ் சார்.

ஆசிரியர் இரண்டு பிழைகளைத் திருத்தியிருக்கிறார்: ‘கோ’வை ‘வென்ட்’ ஆக்கினார், ‘அங்கிள்’ பின்னால் ஓர் ‘ஸ்’ சேர்த்தார். மாணவன் கேட்டதோ, ‘மாமா வீட்டுக்குப் போனியா!’ என்ற விசாரிப்பு மட்டும். அதற்குத்தான் ‘எஸ் சார்’. அவன் பக்கம் பார்த்தால் அது முறையான பதில்.

கனடாவில் ராய் லிஸ்டர், லைலா ரான்டா இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. மாண்ட்ரியால் வட்டாரத்தில் பிரெஞ்சு வழியில் படிக்கும் ஆங்கிலப் பிள்ளைகளின் வகுப்புகள், 4 ஆசிரியர்கள், 18 மணி நேரத்துக்கு மேற்பட்ட பதிவு. ஆசிரியர்கள் பிழைக்குக் காட்டிய எதிர்வினைகளில் 55 சதவீதம் நீங்கள் செய்வதுபோல வாக்கியத்தைச் சரிசெய்து திருப்பிச் சொல்வது. அதற்குப் பிள்ளைகள் ஏதாவது மறுவினை காட்டியது 31 சதவீத இடங்களில் மட்டும். மாறாக, சரியான வடிவத்தைப் பிள்ளையின் வாயிலிருந்தே வரவழைக்கிற மாதிரி கேட்டபோதெல்லாம், சரியோ தவறோ, பிள்ளை ஏதோ ஒரு முயற்சி செய்தது.

எனவே படிப்படியாகப் போங்கள். முதலில், பிழைக்கு முந்தைய சொல்வரை திருப்பிச் சொல்லி நிறுத்துங்கள்: ‘யெஸ்டர்டே ஐ…?’ பெரும்பாலும் ‘வென்ட்’ என்று வந்துவிடும், ஏனென்றால் அது அவனுக்குத் தெரிந்த சொல், பேச்சு வேகத்தில் நழுவியது. வரவில்லை என்றால் ஒரு துப்பு: ‘நேத்து நடந்ததுக்கு கோ எப்படி மாறும்?’ அதற்கும் வரவில்லை என்றால் அவனுக்கு அது தெரியாது, நீங்களே சொல்லிக்கொடுங்கள். எந்தப் படியில் விடை கிடைத்தாலும், ‘ஐ வென்ட் டு மை அங்கிள்ஸ் ஹவுஸ்’ என்று முழு வாக்கியத்தை அவனே ஒரு முறை சொல்ல வேண்டும். ஒரு வாக்கியத்தில் ஒரு பிழைதான். அந்த வாரம் இறந்தகாலம் நடக்கிறது என்றால் ‘வென்ட்’ மட்டும். ‘ஸ்’ இன்னொரு நாள்.

பலரும் தவறவிடுகிற இடம் இதற்குப் பிறகு வருகிறது. வாக்கியம் சரியானதும் ‘குட், சிட் டவுன்’ என்று முடித்துவிடாதீர்கள். அவன் சொன்னது இலக்கணப் பயிற்சி மட்டுமல்ல, மாமா வீட்டுக்குப் போன செய்தி. ‘வாட் டிட் யு ஈட் தேர்?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். வகுப்பறைப் பேச்சு மூன்று திருப்பமாக நடக்கிறது என்று சின்க்ளேர், கூல்தார்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1975இல் எழுதினார்கள்: ஆசிரியர் கேட்கிறார், மாணவர் சொல்கிறார், ஆசிரியர் அதற்கு ஏதோ சொல்கிறார். அந்த மூன்றாவது திருப்பம் ‘குட்’ என்றால் பேச்சு அங்கேயே முடிகிறது. கேள்வியாக இருந்தால் பிள்ளை இன்னொரு வாக்கியம் பேசியாக வேண்டும். எங்களைக் கேட்டால், ஒரு பிள்ளை வருஷக் கடைசியில் பேசுமா பேசாதா என்பதைப் பாடப் புத்தகத்தைவிட அந்த மூன்றாவது திருப்பம்தான் அதிகம் தீர்மானிக்கிறது.

பிள்ளை ஒரு கதையோ அனுபவமோ சொல்லிக்கொண்டிருக்கும்போது இடைமறிக்கவே கூடாது. ஒரு துண்டுத் தாளில் பிழைகளைக் குறித்துக்கொண்டு, கடைசி 5 நிமிடத்தில் நான்கு வாக்கியங்களைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, வகுப்பையே திருத்த வையுங்கள். நான்கில் ஒன்று சரியான வாக்கியமாக இருக்கட்டும். அப்போதுதான் எல்லாவற்றிலும் தப்பு தேடாமல் நிஜமாகவே யோசிப்பார்கள்.

கேள்வி: என் வகுப்பில் 48 பேர். பயிற்சி வகுப்புகளில் ‘ஜோடியாகப் பேச வையுங்கள்’ என்கிறார்கள். செய்து பார்த்தால் சந்தைக்கடை இரைச்சல், பேசுவதெல்லாம் தமிழ். இத்தனை பேரை வைத்து முடியுமா?
– ஆசிரியை, விழுப்புரம்

பதில்: முடியும், அதுவும் 48 பேர் இருப்பதால்தான் அவசியம். கணக்குப் போடுங்கள். பீரியடு 40 நிமிடம். வருகைப் பதிவு, நோட்டு எடுப்பது என்று 4 போனால் 36. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியர் பேசினால் மிச்சம் 12 நிமிடம், அதாவது 720 விநாடி. 48 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 15 விநாடி. அதுவும் சரிசமமாகக் கிடைக்காது, முன்பெஞ்சுக்காரர்கள் ஐந்தாறு பேர் எடுத்துக்கொள்வார்கள். அதே வகுப்பில் 6 நிமிடம் ஜோடியாகப் பேசினால் தலைக்கு 3 நிமிடம். பன்னிரண்டு மடங்கு.

இரைச்சலுக்கும் தமிழுக்கும் காரணம், பெரும்பாலும் வேலை சரியாக அமையாததுதான். ‘உங்க ஊரைப் பத்திப் பேசிக்கோங்க’ என்றால் இருவருக்கும் ஊர் தெரியும், பேசத் தேவையே இல்லை. ஒருவரிடம் இருப்பது மற்றவரிடம் இல்லாமல் இருக்க வேண்டும். விழுப்புரம் பேருந்து நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை, சென்னை – ஐந்து ஊர்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பஸ், ஆக 10 நேரங்கள். ‘அ’ அட்டவணையில் 5 நேரங்கள் இருக்கும், 5 காலி. ‘ஆ’வில் அந்த 5 இருக்கும், மற்றவை காலி. கேட்டுத்தான் நிரப்ப முடியும். ஜெராக்ஸ் எடுக்கக் காசு வேண்டாம்: ‘அ’வைக் கரும்பலகையில் எழுதுங்கள், ‘ஆ’வைச் சார்ட்டில் எழுதிப் பின்சுவரில் ஒட்டுங்கள். ஒன்று, மூன்று, ஐந்தாம் பெஞ்சுக்காரர்கள் திரும்பி உட்கார்ந்தால் அவர்கள் கண்ணில் சார்ட்டும், எதிரில் இருப்பவர்கள் கண்ணில் கரும்பலகையும் படும். பெஞ்சை நகர்த்தவே வேண்டாம்.

ஆரம்பிக்குமுன் இரண்டு வாக்கியங்களை வகுப்பு முழுக்கச் சொல்லிப் பழகட்டும்: ‘வாட் டைம் டஸ் தி பஸ் டு கடலூர் லீவ்?’, ‘இட் லீவ்ஸ் அட் எய்ட் ஃபிஃப்டீன்.’ ‘எப்படிச் செய்யணும்’ என்று விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். ஒரு ஜோடியை அழைத்து ஒரு பஸ்ஸுக்குச் செய்து காட்டுங்கள். பிறகு ஒரு பிள்ளை செய்முறையைத் தமிழில் திருப்பிச் சொல்லட்டும். இந்த 2 நிமிடத்தை மிச்சம் பிடித்தால் பிறகு 24 ஜோடிகளிடமும் தனித்தனியாக விளக்க வேண்டியிருக்கும். நேரம் முடிந்ததற்கு அடையாளம் உயர்த்திய கை. பார்த்தவர்கள் தாங்களும் கையைத் தூக்கி வாயை மூட வேண்டும். மேஜையைத் தட்டினால் இரைச்சலோடு இன்னோர் இரைச்சல்தான் சேரும்.

முதலில் முடித்தவர்கள்தான் அரட்டையைத் தொடங்குவார்கள். அவர்களுக்கென்று ஒரு கூடுதல் கேள்வி கரும்பலகை ஓரத்தில் இருக்கட்டும்: ‘மாமா 8.10க்கு விழுப்புரம் வருகிறார், 10 மணிக்குள் கடலூர் போக வேண்டும், எந்த பஸ்?’ இதற்கு விடை காண அட்டவணையை நிரப்பியிருக்கவும் வேண்டும், யோசிக்கவும் வேண்டும். இப்படிப்பட்ட யோசனை வேலைகளைத்தான் ஆங்கிலக் கற்பித்தல் அறிஞர் என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தில் பெரிதும் விரும்பினார். உலகம் முழுவதும் மொழி ஆசிரியர்கள் இன்று ‘டாஸ்க்’ என்று பேசுவதற்கு முக்கியமான தொடக்கம் நம் பக்கத்துச் சாதாரண வகுப்பறைகளில் நடந்தது என்பதைச் சொல்ல எங்களுக்குப் பெருமைதான். பிரபு குழு வேலையை விரும்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஒருவர் பிழையை ஒருவர் கற்றுக்கொள்வார்கள் என்று கருதி, முதலில் ஒரு வேலையை ஆசிரியரோடு வகுப்பே பொதுவில் செய்யும், பிறகு அதுபோன்ற இன்னொன்றைத் தனித்தனியாகச் செய்யும் என்று வைத்தார். பொதுவில் ஒன்று, ஜோடியாக ஒன்று, கடைசிக் கேள்வி தனியாக என்று மூன்றையும் கலப்பது 48 பேர் வகுப்புக்குப் பொருந்தும் என்பது எங்கள் எண்ணம். வேலை கடினமா, சுலபமா என்று பார்க்க அவருடைய அளவுகோல் எளிமையானது: வகுப்பில் பாதிப் பேராவது வேலையில் பாதியையாவது சரியாகச் செய்திருந்தால் அது தகுந்த வேலை.

தமிழ் பேசுவார்கள்தான். ‘டேய், எனக்கு காலி, நீ சொல்லு’ என்பதைத் தமிழில் சொன்னால் விடுங்கள். பஸ் நேரம் மட்டும் ஆங்கிலத்தில் வந்தால் போதும்.

கேள்வி: மகள் ஐந்தாம் வகுப்புவரை தமிழ் வழி. இந்த வருஷம் ஆங்கில வழிக்கு மாற்றினோம். நான்கு மாதமாக வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று மிஸ் சொல்கிறார். வீட்டில் வாய் ஓயாது. டியூஷன் வைக்கலாமா?
– தாய், ஈரோடு

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. புது மொழிக்குள் போடப்பட்ட பிள்ளைகள் சில மாதங்கள் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது சாதாரணமாக நடப்பது. பேசவில்லை என்பதாலேயே உள்ளே எதுவும் போகவில்லை என்று ஆகாது. சோதித்துப் பார்க்க வழி உண்டு: ‘கதவைச் சாத்திட்டு, மேஜைமேல இருக்கிற சிவப்பு நோட்டை எடுத்துட்டு வா’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். செய்துவிட்டால் கேட்டல் நன்றாக வளர்கிறது. அதுவும் புரியவில்லை என்றால், காது சரியாகக் கேட்கிறதா என்பதையும் ஒரு தடவை மருத்துவரிடம் பார்த்துவிடுவது நல்லது.

டியூஷனைவிட மிஸ்ஸிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள். எடுத்த எடுப்பில் ‘ஒய்?’ என்று அவளிடம் கேட்க வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஆம், இல்லை போதும். அடுத்து ‘இஸ் இட் எ ரிவர் ஆர் எ லேக்?’ மாதிரி, விடை கேள்விக்குள்ளேயே இருக்கிற கேள்விகள். பிறகு ஒரு சொல், அதன்பின் வாக்கியம். கூடவே, ‘நாளைக்கு மூணாவது கேள்வியை உன்னைக் கேட்பேன்’ என்று முந்தின நாளே மிஸ் காதோடு சொல்லிவிட்டால் வீட்டில் பயிற்சி செய்துகொண்டு வருவாள். தோழியிடம் சொல்லிப் பார்த்துவிட்டு வகுப்பில் சொல்வது இன்னும் நல்லது. நீங்கள் வீட்டில் ‘இன்னிக்குப் பேசினியா?’ என்று தினமும் கேட்காதீர்கள். ‘இன்னிக்கு மிஸ் என்ன கேட்டாங்க?’ என்று கேளுங்கள், தமிழிலேயே சொல்லட்டும்.

கேள்வி: ஆங்கில வகுப்பில் தமிழே வரக்கூடாது என்கிறார் எங்கள் தலைமையாசிரியர். பிள்ளைகளோ தமிழில் சொன்னால்தான் புரிகிறது என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– ஆசிரியர், தென்காசி மாவட்டம்

பதில்: தமிழ் எங்கே வருகிறது என்பதைப் பொறுத்தது. கெடுதல் செய்வது வரிக்கு வரி மொழிபெயர்ப்பு. ஒரு வரி ஆங்கிலம், ஒரு வரி தமிழ் என்று பாடம் வாசித்தால், ஆங்கில வரி ஓடும்போது பிள்ளை காது கொடுக்காது. அடுத்த வரி தமிழில் வரும் என்று தெரியும். ஒரு வருஷம் அப்படிக் கேட்டபிறகு ஆங்கிலம் என்பது தமிழுக்கு முன்னால் வருகிற சத்தம், அவ்வளவுதான்.

ஆனால் ‘ரிலக்டன்ட்’ என்ற ஒரு சொல்லுக்காக 4 நிமிடம் நடித்துக் காட்டுவதும் வீண். ஆங்கிலத்தில் வாக்கியத்தைச் சொல்லுங்கள், நடுவில் ஒரே மூச்சில் ‘மனசில்லாம’ என்று சொல்லுங்கள், உடனே ஆங்கில வாக்கியத்தை மறுபடி சொல்லுங்கள். 10 விநாடி வேலை. இலக்கணத்தில் தமிழும் ஆங்கிலமும் முட்டிக்கொள்கிற இடத்தையும் தமிழிலேயே காட்டலாம். ‘ஹி கேன் ஏபிள் டு ஸ்விம்’ என்று எழுதும் பிள்ளைக்கு, ‘நீந்த முடியும்’ என்பதில் ‘முடியும்’ ஒரு தடவைதான் வருகிறது, நீ இரண்டு தடவை போட்டிருக்கிறாய் என்றால் சட்டென்று விளங்கும். மற்றபடி ‘புத்தகத்தைத் திற’, ‘பக்கத்தில் இருப்பவரிடம் காட்டு’, ‘யார் வரவில்லை?’ மாதிரி தினமும் வருகிற இருபது, முப்பது வாக்கியங்களை ஆங்கிலத்துக்கே ஒதுக்குங்கள். பிள்ளைகள் நிஜமாக ஒரு காரியத்துக்காக ஆங்கிலம் கேட்கிற இடம் அது. அதைத் தமிழில் சொல்லிவிட்டுப் பாடத்தை ஆங்கிலத்தில் நடத்துகிற வகுப்புகள்தான் அதிகம். தலைகீழாக இருக்க வேண்டும்.

கேள்வி: பி.எட். படிக்கிறேன். ஃபிளாண்டர்ஸ் முறைப்படி ஒரு மொழி வகுப்பைக் கவனித்து அறிக்கை தர வேண்டும். 3 விநாடிக்கு ஓர் எண் எழுதுவதில் குழம்பிப் போகிறேன்.
– மாணவி, மதுரை

பதில்: ஃபிளாண்டர்ஸ் முறையில், வகுப்பில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதை 3 விநாடிக்கு ஒரு முறை பத்து வகைகளில் ஒன்றின் எண்ணாகக் குறிக்கிறோம். அந்தப் பத்தும் மனப்பாடமாக இல்லாமல் வகுப்புக்குள் போனால் குழப்பம் நிச்சயம். 1 முதல் 7 வரை ஆசிரியர் பேச்சு: உணர்வை ஏற்பது, பாராட்டுவது, மாணவர் கருத்தை எடுத்தாள்வது, கேள்வி கேட்பது, விளக்குவது, கட்டளை, கண்டிப்பு. 8 மாணவர் பதில், 9 மாணவர் தானாகத் தொடங்கும் பேச்சு, 10 மௌனம் அல்லது குழப்பம். நிமிடத்துக்கு 20 எண்கள், 20 நிமிடம் கவனித்தால் 400. முதல் முறை நேரடியாக வகுப்பில் செய்யாதீர்கள். அனுமதி வாங்கி 5 நிமிடத்தை ஒலிப்பதிவு செய்து, வீட்டில் அதையே மூன்று தடவை எண்ணிடுங்கள். மூன்று வரிசையும் ஏறக்குறைய ஒத்துவந்த பிறகு வகுப்புக்குப் போங்கள். இரு வகைக்கு நடுவில் ஊசலாடினால் 5இலிருந்து தள்ளியிருக்கும் எண்ணை எடுப்பது ஃபிளாண்டர்ஸ் விதி, 10 மட்டும் இதற்கு விலக்கு. அடுத்தடுத்த எண்களை ஜோடி ஜோடியாகப் பத்துக்குப் பத்து கட்டத்தில் நிரப்புமுன், வரிசையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு 10 சேர்க்க மறக்காதீர்கள். இல்லையென்றால் நெடுவரிசைக் கூட்டலும் கிடைவரிசைக் கூட்டலும் பொருந்தாது.

மொழி வகுப்புக்கு இந்த முறை மூன்று இடத்தில் இடிக்கும். அதை அறிக்கையில் எழுதினால் மதிப்பெண் கூடுமே தவிர குறையாது. கோரஸாக ஒப்பிப்பதும் சொந்தமாகச் சொல்லும் பதிலும் இரண்டும் 8 ஆகிவிடும். பயனுள்ள ஜோடிப் பேச்சும் வெறும் கலவரமும் இரண்டும் 10 ஆகிவிடும். பேசியது தமிழா ஆங்கிலமா என்பது எண்ணில் தெரியவே தெரியாது. கெர்ட்ரூட் மாஸ்கோவிட்ஸ் இதே முறையை அயல்மொழி வகுப்புகளுக்காக ‘ஃபிளின்ட்’ என்று விரித்தது இந்தக் குறைகளுக்காகத்தான். நீங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் த, ஆ என்று ஓர் எழுத்து சேர்த்தாலே போதும். பிறகு 8ஐ அடுத்து என்ன எண் வந்திருக்கிறது என்று மட்டும் தனியாக எண்ணிப் பாருங்கள். 8க்குப் பின் 2 வந்து, உடனே 4 வந்தால் ஆசிரியர் ‘குட்’ சொல்லி அடுத்தவரிடம் போய்விட்டார் என்று பெரும்பாலும் பொருள். 8க்குப் பின் 3 வந்தால் பிள்ளை சொன்னதை எடுத்து மேலே கொண்டுபோயிருக்கிறார். அந்த ஒரு கட்டத்தில் வகுப்பின் குணம் தெரிந்துவிடும்.

கேள்வி: டொராண்டோவில் சனிக்கிழமைகளில் தமிழ் கற்பிக்கிறேன். நான் தமிழகம், பிள்ளைகள் பெரும்பாலும் ஈழத் தமிழ்க் குடும்பங்கள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில். தமிழில் சொன்னாலும் கொச்சை. எங்கே தொடங்குவது?
– தன்னார்வ ஆசிரியை, கனடா

பதில்: ‘கொச்சை’ என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள். ஒரு பிள்ளை, ‘நான் நேற்று அம்மம்மாவோட கதைச்சனான்’ என்கிறது என்று வையுங்கள். நீங்கள், ‘கதைச்சனான் இல்லம்மா, பேசினேன்’ என்று திருத்துகிறீர்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் ‘பேசுவது’ என்றால் திட்டுவது. அம்மம்மாவைத் திட்டினேன் என்று சொல்லச் சொல்கிறீர்கள் என்று பிள்ளை திகைக்கும், அல்லது வீட்டில் அம்மா பேசுவதே தப்புத் தமிழ் என்று நினைத்துக்கொள்ளும். இரண்டாவது நடந்தால் பிள்ளை ஆங்கிலத்துக்குள் ஒதுங்கிவிடும். வீட்டுத் தமிழ்தான் அந்தப் பிள்ளையிடம் இருக்கிற முதல். அதைப் பறித்துக்கொண்டு பாடநூல் தமிழைக் கொடுக்க முடியாது.

கரும்பலகையில் இரண்டு பத்தி போடுங்கள்: ‘வீட்டில் சொல்வது’, ‘புத்தகத்தில் எழுதுவது’. இடப்பக்கம் ‘கதைச்சனான்’, வலப்பக்கம் ‘கதைத்தேன், பேசினேன்’. உங்கள் வீட்டுப் பேச்சையும் இடப்பக்கம் எழுதுங்கள்: ‘பேசுனேன்’. ஆசிரியை வீட்டிலும் புத்தகத் தமிழ் பேசுவதில்லை என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கு நாக்கு இளகும். சிங்கப்பூரில் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழுவும் வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. திருத்த வேண்டியது வட்டார வழக்கு அல்ல, எந்த ஊர்த் தமிழிலும் இல்லாத வடிவங்கள்: ‘அம்மா வந்தான்’, ‘நான் சாப்பிட்டான்’ போன்றவை. வினைமுடிவு ஆளுக்கும் பாலுக்கும் ஏற்ப மாறுவதை ஆங்கிலம் இந்த அளவுக்குக் கேட்பதில்லை, அதனால் இங்கேதான் வழுக்குவார்கள்.

ஆங்கிலப் பதிலுக்கு ‘தமிழ்ல சொல்லு!’ என்று அதட்டினால் பேச்சு அறுந்துபோகும். பிள்ளை ‘வி வென்ட் டு த லேக்’ என்றால், சொன்ன சேதியை முதலில் வாங்கிக்கொண்டு, அதற்குத் தேவையான தமிழ்ச் சொற்களைக் கேள்விக்குள் வைத்துக் கொடுங்கள்: ‘ஏரிக்குப் போனீங்களா! அண்ணாவோட போனீங்களா, அப்பாவோட போனீங்களா?’ பிள்ளையிடம் இப்போது ‘ஏரி’, ‘போனீங்களா’, ‘அப்பாவோட’ மூன்றும் கையில் இருக்கின்றன. ‘அப்பாவோட போனம்’ என்று வரும். ‘போனம்’ இல்லை, ‘போனோம்’ என்று திருத்திப் பேச்சை நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் குளிராக இருந்ததா என்று கேளுங்கள்.